நீலத் தொப்பி

“முப்பது வயசுல முழங்கால் போச்சுன்னா உங்க பையன் என்னம்மா செய்வான்?”

தன் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு டவாரிஸைக் கேட்டு வந்த முதல் நாள், பயிற்சியாளர் ஹாஸ்கல் அவன் தாய் வெர்லீனிடம் கேட்டது இது. அன்றிலிருந்து பள்ளி உணவகத்தில் தட்டு கழுவும்போதெல்லாம் அவள் கனவு கண்டாள். உயரமான நூலகச் சன்னல், அதனடியில் தன் பிள்ளை, புத்தகத்தின் மேல் மெல்ல நகரும் வெயில்.

இன்று அவர் நான்காம் முறையாக வந்திருந்தார். மேசையில் மூன்று பல்கலைக்கழகங்களின் தொப்பிகள் இருந்தன. எந்த அணியில் சேரப்போகிறான் என்று காட்ட, புதன்கிழமை டிவிக்காரர்கள் முன்னால் டவாரிஸ் ஒன்றை எடுத்து அணிய வேண்டும்.

“உங்க இடத்துல லேப் இருந்தா பயிற்சிக்கே லேட்டாத்தான் வரணுமாமே கோச். மத்தவங்க பந்துக்கு ஏத்தபடி பாடத்தையே மாத்தித் தர்றாங்க,” என்றான் டவாரிஸ்.

“அவங்க பேசுறது நாலு வருஷத்துக்கு, தம்பி. நான் பேசுறது நாப்பது வருஷத்துக்கு.”

“மேட்ச் அன்னிக்குப் பாதி இருக்கை காலியாமே?”

“அவங்க பரீட்சைக்குப் படிச்சிட்டிருப்பாங்க.”

வெர்லீன் சிரித்தாள். டவாரிஸோடு இரட்டையாகப் பிறந்த கொரின், பீச் பழப் பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு வழக்கம்போலக் கதவோரம் ஒதுங்கினாள்.

“நாலு தடவை வந்துட்டீங்க. டிவிக்கு முன்னாடி நீங்கதான் பாக்கணும்,” என்று டவாரிஸ் நீலத் தொப்பியை எடுத்தான். அது ஹாஸ்கலின் பல்கலைக்கழகத் தொப்பி.

டவாரிஸ் அதைக் கொரினின் தலையில் வைத்தான்.

“போன வாரம் உங்க பல்கலைக்கழகத்துலேர்ந்து இவளுக்குக் கடிதம் வந்துச்சு கோச். முழு உதவித்தொகை. நீங்க எனக்குச் சொன்னதையெல்லாம் நின்னு கேட்டவ இவதான். நான் வேற இடத்துக்குப் போறேன்.”

வெர்லீனின் கனவில் சன்னலடியில் இருந்தவள், வெட்கத்துடன் தொப்பியைச் சரிசெய்தாள்.

ஹாஸ்கல் எழுந்தார். வாசலில் தன் நீலத் தொப்பியை அணிந்து, அவளைப் பார்த்து அதன் விளிம்பைத் தொட்டார். பிறகு படியிறங்கிப் போனார்.