கழிவறைக்கு வந்த கோப்பை

வாட்டர் பெல் அடித்ததும் மொத்தப் பள்ளிக்கூடமும் பாட்டிலைத் தூக்கியது.

பையன்கள் மடக் மடக்கென்று குடித்தார்கள். பெண்கள் நாங்கள் பாட்டிலை உதட்டில் வைத்துத் தொண்டையை மட்டும் அசைத்தோம். ஒரு சொட்டு உள்ளே போகாது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே இது பழகிவிடும். யாரும் சொல்லித் தராமல் நாங்கள் எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்குகிற ஒரே பாடம்.

மேடையில் இருந்த விருந்தினர் ஜெயகிருஷ்ணன் சார் கைதட்டினார். சென்னையில் ஏதோ அறக்கட்டளை நடத்துகிறவர். போன வருஷம் எங்களுக்குக் கழிவறை கட்டிக் கொடுத்தவர். அதை மிகச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று அன்று கோப்பையோடு வந்திருந்தார்.

சுத்தத்துக்கு என்ன குறைச்சல்? திறப்பு விழா முடிந்த அன்றே ஹெச்.எம். தர்மராஜ் சார் அதைப் பூட்டிவிட்டார். "தொறந்து வுட்டா நாறடிச்சிடுவீங்க" என்றார். அதற்குப் பிறகு ஓர் ஈ கூட உள்ளே போனதில்லை. விழாவன்று எடுத்த படங்களையே மாற்றி மாற்றி அறக்கட்டளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் பின்பக்கத்துச் சவுக்குத் தோப்புக்கு ஓடுவோம். அதை ரிசார்ட்காரன் வளைத்துச் சுவர் எழுப்பிவிட்டான். பையன்களுக்கு அந்தச் சுவரே போதும். எங்களுக்குக் கடைசி பெல் அடித்து வீடு போனால்தான் உண்டு.

பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு வாங்கிய பாவத்துக்கு, நன்றியுரை என் தலையில் விழுந்திருந்தது. மேடை ஓரத்திலேயே நிற்கச் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

"இந்தப் பொண்ணு குடிக்கவே இல்லையே" என்றார் விருந்தினர். தனக்கு வைத்திருந்த பாட்டிலைத் திறந்து நீட்டினார். "ஃபுல்லா குடிம்மா. என்னா வெயிலு."

கேமராக்காரர் என் பக்கம் திரும்பினார். ஹெச்.எம். கண்ணை உருட்டினார். பாட்டில் காலியாகும் வரை கேமரா என்னை விடவில்லை.

அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். தூய்மை, சுகாதாரம், பெண் கல்வி. எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். பெண் கல்விக்கு ஹெச்.எம். உருகி உருகிப் பேசினார். நான் காலையில் வீட்டில் போனதுதான். காலோடு காலைப் பின்னிக்கொண்டு பல்லைக் கடித்தேன். அடிவயிறு கல்லாகியிருந்தது.

"அடுத்து நன்றியுரை. பத்தாம் வகுப்பு, தமிழ்ச்செல்வி."

மைக் முன்னால் போய் நின்றேன். 'பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட' என்று தொடங்கும் மனப்பாடம் அத்தனையும் மறந்துபோயிருந்தது.

"சார், பாத்ரூம் சாவி யாராண்ட கீது?" என்றேன், மைக்கிலேயே.

பையன்கள் விசிலடித்தார்கள். ஹெச்.எம். முகம் சுண்டியது. விருந்தினரோ, இதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துவிட்டார். "வெரி குட்! வாங்க, எல்லாரும் போய்ப் பாக்கலாம்" என்று எழுந்தார்.

கழிவறை வாசலில் புதுக் கோலம். ரிசார்ட்டில் இரவல் வாங்கிய பூந்தொட்டிகள், கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வாட்ச்மேன் எல்லப்பன் பூட்டில் சாவியை விட்டுத் திருகினார். மறுபடியும் திருகினார்.

"வரமாட்டேங்குது சார். உப்புக் காத்து. உள்ள துரு புட்ச்சிகினு கீது."

சத்துணவுக் கூடத்திலிருந்து எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள். பூட்டு அசையவில்லை. கல்லால் ஒரு போடு போடட்டுமா என்று கேட்டார் எல்லப்பன். புதுக் கதவு, பெயின்ட் போய்விடும் என்றார் ஹெச்.எம்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

விருந்தினர் வாட்சைப் பார்த்தார். மகாபலிபுரத்தில் அவருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தது. "சரி, இங்கயே ஒரு போட்டோ எடுத்துடலாம்" என்றார்.

பூட்டிய கதவுக்கு முன்னால் என்னை நிறுத்திக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். நல்ல கனம். தூக்கிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வயிற்றை அழுத்திக்கொள்ளக் கை மிச்சமில்லை.

"சிரிம்மா" என்றார் கேமராக்காரர்.

சிரித்தேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

பெண்கள் வரிசையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. கேமராக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். ஹெச்.எம். தரையைப் பார்த்தார், பிறகு விருந்தினர் கவனிக்கிறாரா என்று பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சீ, என்ன மனுஷன்!

கோப்பை இப்போது அவர் அறையில், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கிறது. அந்தப் பூட்டுக்குத் தவறாமல் எண்ணெய் போடுகிறார்கள்.

அலமாரிக்கு மேலே, பிறகு எடுத்த அந்தப் படத்தை மாட்டியிருக்கிறார். படத்தில் கதவுக்கு இரண்டு பக்கமும் காலியாக இருக்கிறது. இரண்டு பூந்தொட்டிகளும் என் காலுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, ஹெச்.எம். தன் ஷூவால் தள்ளி வைத்த இடத்தில்.

தொட்டியைச் சுற்றித் தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று எப்போதாவது யாராவது கேட்பார்கள்.

"செடிக்கு அப்பத்தான் தண்ணி ஊத்தினோம்" என்பார் ஹெச்.எம்.