சுவர் தாண்டிய சேவல்

"உங்க மேல ரெண்டு குற்றச்சாட்டு" என்றாள் வக்கீல் ருதைனா, காகிதத்தைப் புரட்டியபடி. "ஒண்ணு, அத்துமீறி நுழைஞ்சது. ரெண்டு, திருட்டு."

"அத்துமீறி நுழைஞ்சது சேவல்தாங்க!" நவ்ஃபான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "நான் பாட்டுக்கு முற்றத்துல பல் தேய்ச்சுட்டு இருந்தேன். என் புதினாப் பாத்தியில நின்னு மேயுது. பக்கத்து வீட்டுல கொடுக்கலாம்னு பிடிச்சேன். அதுக்குள்ள வாசல்ல போலீஸ்!"

"உக்காருங்க. சேவலுக்கு இறக்கை வெட்டியிருக்கு. நடுவுல ஆளுயரச் சுவர். அது எப்படித் தாண்டுச்சுன்னு நீதிபதி கேப்பார்."

"அதைச் சேவல்கிட்டதான் கேக்கணும்."

"மூணு நாளா ஸ்டேஷன்ல கட்டிப் போட்டிருக்காங்க. கூவுதே தவிர வாக்குமூலம் தரலை."

நவ்ஃபானுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பள்ளிக்கூட பஸ் டிரைவர். தன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்ற சான்றிதழை வருஷா வருஷம் நீட்டினால்தான் பஸ் சாவி கைக்கு வரும். இந்த வியாழக்கிழமைதான் கடைசி நாள்.

"ஒரு சேவலுக்காக என் பிழைப்புல மண்ணள்ளிப் போடுறாரே, அந்தப் பக்கத்து வீட்டு ஹாஜி அவ்வாத் மனுஷனா?"

"இது அவரோட மூணாவது கேஸ். போன வருஷம், ரொட்டிக் கடைக்காரர் செருப்பைத் திருடிட்டார்னு. அதுக்கு முந்தி, முடிவெட்டுறவர் தண்ணித் தொட்டி மூடியைத் தூக்கிட்டார்னு."

"கேஸ் பைத்தியம்! கோர்ட்டுல வச்சு அவரைக் கிழிச்சுத் தொங்க விடுங்க, வக்கீலம்மா."

"விடலாம். எட்டு மாசம் ஆகும். வியாழக்கிழமைக்குள்ள முடியணும்னா ஒரே வழிதான். ஜாஹா."

நவ்ஃபான் முகம் சுண்டிப்போனது. ஊர்ப் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு புகார் கொடுத்தவர் வீட்டுக்கே போய் சமாதானம் கேட்பதுதான் ஜாஹா. கரக் ஊரில் வெட்டுக்குத்துக்குப் போவார்கள், கொலைக்குப் போவார்கள்.

"சேவலுக்கு யாருங்க வருவாங்க?"

"முப்பது பேராவது வேணும். குறைஞ்சா ஹாஜி மசிய மாட்டார், அனுபவத்துல சொல்றேன். முந்தின ரெண்டு கேஸும் இப்படித்தான் முடிஞ்சுது. நீங்க கடைசி வரிசையில உக்காருங்க. வாயைத் திறக்கக் கூடாது."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் முப்பத்திரண்டு பேர் தலைத்துணி சகிதம் கிளம்பினார்கள். முன்னால் ஊர்ப் பெரியவர் ஷேக் மிஃப்லிஹ். ஹாஜி வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் ஏற்கெனவே வரிசையாகப் போட்டிருந்தன. கிழவர் புது அங்கியில் வாசலிலேயே நின்றார்.

ஏலக்காய் மணக்கக் காப்பி வந்தது. ஷேக் கோப்பையை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"ஹாஜி, நாங்க கேக்கறதைக் கொடுத்தாத்தான் குடிப்போம். நவ்ஃபான் தங்கமான பையன். அவன் திருடியிருக்க மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

இந்த இடத்தில் வீட்டுக்காரர் 'வந்த காரியம் முடிஞ்சுது, குடிங்க' என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் முறை.

"அதுக்கென்ன, பேசலாம். உங்க மூணாவது மருமகளுக்குப் பிரசவம் ஆயிடுச்சா?" என்றார் ஹாஜி.

காப்பி ஆறியது. சூடாக வேறு வந்தது. ஹாஜி ஒவ்வொருவரின் மூட்டுவலியையும் விசாரித்தார். ஆலிவ் விளைச்சலை விசாரித்தார். தான் லாரி ஓட்டிய காலத்தில் பாக்தாத் ரோட்டில் டயர் வெடித்த கதையை இரண்டு தடவை சொன்னார். ஐந்தாவது முறையாகக் காப்பி வந்தபோது ஷேக் உதட்டை நக்கிக்கொண்டிருந்தார்.

மரத்துப்போன காலை உதறிக்கொண்டு நவ்ஃபான் கொல்லைப்பக்கம் போனான். போனவன் அப்படியே நின்றான்.

சுவரில் ஓர் ஏணி சாத்தியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய புதினாப் பாத்தி. ஏணியின் மேல்படியில் சேவல் இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

'மாட்டினியா கிழவா!' நவ்ஃபானுக்கு ரத்தம் கொதித்தது. ஓர் இறகைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினான். பொய்ப் புகார்! அத்தனை பேர் முன்னாலும் மானத்தை வாங்கிவிடலாம்.

கூடத்தில் ஹாஜி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்த ஷேக்கின் கையைப் பிடித்து இழுத்து, "இருங்க, இன்னும் ஒரு கதை இருக்கு" என்றார்.

இந்தச் சிரிப்பை நவ்ஃபான் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஹாஜியின் மனைவி இறந்துபோனதிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும்தான். மகன்கள் மூன்று பேரும் துபாயில். பெருநாளுக்குப் பெருநாள் போனில் வருவார்கள்.

நவ்ஃபான் இறகைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"ஹாஜி, நான்தான் சுவரேறிக் குதிச்சு எடுத்தேன். மன்னிச்சுக்கங்க."

"அடப்பாவி, நீதானா!" என்றார் ஷேக்.

ஹாஜி வாயைப் பிளந்தார். அவனைப் பார்த்தார், கொல்லைப்புறக் கதவைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"வந்த காரியம் முடிஞ்சுது" என்றார் கரகரப்பாக. "காப்பியைக் குடிங்க."

புதன்கிழமை புகார் வாபஸ் ஆனது. சேவல் ஹாஜி வீட்டுக்குத் திரும்பியது. வியாழக்கிழமை காலை ருதைனா சான்றிதழை நீட்டினாள்.

"வக்கீலம்மா, இதே மாதிரி அடுத்தது எப்ப வேணும்?"

"அடுத்த வருஷம்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தெருவே திரும்பி வரும் நேரம் பார்த்து, நவ்ஃபான் சுவரேறிக் குதித்து அந்தச் சேவலைத் திருடினான்.