ஓய்வு பெஞ்சு

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்து கிடந்த மனிதரைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயிற்சி சார் சொன்னது அப்படியே நடக்கிறது!

டாக்டரம்மா இன்னும் டாக்டர் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் மருத்துவக் கல்லூரி கையை விரித்த பிறகு, அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் சுருக்கென்று குத்தியது.

எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளிவிடுவாள். இடிப்பது இந்த நேர்முகம்தான். நீளமான தாழ்வாரம், வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் நோயாளி வேஷத்தில் ஒரு நடிகர், மூலையில் மார்க் போட ஒரு பேராசிரியர். மணி அடித்தால் அடுத்த கதவு. நடுவில் ஒரு சுற்று சும்மா உட்கார ஒரு பெஞ்சு, அதற்கு மேல் 'ஓய்வு' என்று ஒரு பலகை.

போன வருஷம் ஓர் அறையில் நடிகர் தொப்பென்று விழுந்தார். இவள் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடி, "யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால், செத்தவர் எழுந்து நின்று பேன்ட்டில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பேராசிரியர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். சீட்டு அங்கேயே போய்விட்டது.

"அங்க யாரு விழுந்தாலும் நடிப்புதான். பதறினே, தொலைஞ்சே!" வருஷம் முழுக்கப் பயிற்சி சார் இதையே ஓதினார். "அதுவும் அந்த ஓய்வு பெஞ்சு இருக்கே, அது ஓய்வே இல்ல. யாரும் பாக்காதப்ப நீ எப்படி நடந்துக்கறேன்னு அங்கதான் காமிராவுல பாப்பாங்க."

இந்தக் கல்லூரி யாரையும் மூன்றாம் முறை கூப்பிடுவதில்லை. இன்றைக்கு விட்டால் ஜென்மத்துக்கும் விட்டதுதான்.

சற்று முன்புவரை பெஞ்சு காலியாக இருந்தது. இவளுக்கு முன்னால் போகும் பெண் அடுத்த கதவின் எண்ணைக் கண்ணை இடுக்கிப் பார்த்து, "இது மூணா, எட்டா?" என்று இவளிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். இவள் கோடியிலிருந்த குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆள் முளைத்துவிட்டார். பெற்றோரையெல்லாம் கீழேயே நிறுத்திவைத்திருக்கும்போது இவர் வேறு யாராக இருக்க முடியும்?

கூரையில் வட்டமாக ஏதோ ஒன்று சிவப்பாக மினுங்கியது. காமிராவேதான். டாக்டரம்மா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, அதற்கு முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"வணக்கங்க. உங்க பக்கத்துல உட்காரலாமா?"

"படி ஏறி வந்தேம்மா... லிஃப்ட்ல விடல..."

படி ஏறினால் நெஞ்சு வலி. மனிதர் பாடப்புத்தகத்தையே கரைத்துக் குடித்திருக்கிறார்!

"வலி எங்கல்லாம் இருக்கு? கைக்குப் பரவுதா?"

"தாடை வரைக்கும்... யாரையாச்சும் கூப்பிடும்மா..."

இதுதான் தூண்டில். போன வருஷம் கடித்த அதே தூண்டில். அவள் குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டாள். "உங்க பயம் எனக்குப் புரியுது. மெதுவா மூச்சு விடுங்க, நான் கூடவே இருக்கேன்."

அவர் கையில் ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மூடியில் பூனைப் படம். அதை அவள் பக்கம் நீட்டப் பார்த்தார். கை பாதியிலேயே மடியில் விழுந்தது.

"இதை... பொண்ணுகிட்ட..."

"உங்க பொண்ணை நினைச்சுக் கவலைப்படறீங்களா?" என்று கேட்டாள் டாக்டரம்மா. உள்ளுக்குள் துள்ளினாள். ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லாத கவலை ஒன்று இருக்கும், அதைத் தோண்டி எடுத்தால் தனி மார்க் என்று பயிற்சி சார் சொல்லியிருந்தார்.

ஆறுதலாக அவர் கையைப் பிடித்தாள். கை சில்லென்று ஈரமாக இருந்தது.

அழுகையை நடிக்கலாம், வலியை நடிக்கலாம். வேர்வையை எப்படி நடிப்பது? கத்துவதற்கு வாயைத் திறந்தேவிட்டாள். ஆனால் பேன்ட்டில் தூசி தட்டிய அந்தக் கை கண்முன்னால் வந்து நின்றது. இன்னொரு முறை சிரிப்பார்கள். இன்னொரு முறை வீட்டில் அம்மா முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போவாள்.

வாயை மூடிக்கொண்டாள்.

அவர் தலை மெல்ல அவள் தோளில் சாய்ந்தது. தலை என்ன கனம்! இவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டிருந்த மூச்சின் சத்தம் அடங்கிவிட்டது. பார்த்தாயா, நாம் பேசிய பேச்சில் ஆள் அமைதியாகிவிட்டார் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.

மணி அடித்தது.

"உங்ககூடப் பேசினதுல ரொம்ப சந்தோஷங்க. உடம்பப் பாத்துக்குங்க." கடைசி வரியையும் பிசகாமல் சொல்லி, அவர் தலையைப் பதமாகச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தாள். அவர் கண் திறக்கவில்லை. எழுந்து தூசி தட்டவும் இல்லை.

அடுத்த கதவு திறந்தது. கண்ணை இடுக்கிப் பார்க்கும் அந்தப் பெண் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். பெஞ்சைத் தாண்டும்போது ஊதா நிறம் கண்ணில் பட்டு நின்றாள். குனிந்து, அந்த மனிதரின் முகத்துக்கு அருகில் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"அட, அப்பா! என் கண்ணாடியைக் கொண்டு வந்துட்டீங்களா?"