கண்ணளவு

“மாமா, அங்கேயே நில்லுங்க. கோட்டைத் தாண்டாதீங்க” என்று மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தையற்காரர் அறை வாசலிலேயே நின்றார். துணியில் குறி போடும் சாக்பீஸால் அவரே தரையில் கிழித்த கோடு அது. தொட்டிலில் கைகால் ஆட்டிக்கொண்டிருந்த பேத்திக்கு அங்கிருந்தே கண்ணால் அளவெடுத்தார். நாற்பது வருஷத் தொழில். அப்படித் தைத்த மூன்று சட்டைகளும் குழந்தைக்குக் கச்சிதமாக இருந்தன. குழந்தையைத்தான் அவர் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் புரோஸ்டேட் புற்றுக்காக அறுவை செய்துகொண்டவர். பிரசவத்துக்குப் போன மருமகள் குழந்தையோடு திரும்பிய வாரமே, ரத்தப் பரிசோதனையில் புற்றைக் காட்டும் எண் மெல்ல ஏறியிருக்கவே, கதிர்மருந்தை ஊசியில் ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். புற்று எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அந்த மருந்து தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், படத்தில் மின்னும்.

ஸ்கேன் முடிந்து நர்ஸ் விவரம் சொல்ல வந்தபோது அவர் கழிப்பறையில் இருந்தார். அறுவைக்குப் பிறகு அவரால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. மகன்தான் கேட்டுக்கொண்டான். ராத்திரி வீட்டில் வைத்து விஷயத்தைச் சொன்னான்.

“உங்க உடம்புல கதிர் இருக்காம்ப்பா. ரெண்டு மாசத்துக்குப் பாப்பாகிட்டருந்து ரெண்டு மீட்டர் தள்ளியே இருக்கணுமாம்.”

“இருந்துட்டாப் போச்சு. பிஞ்சு உடம்புடா அது” என்றார். அன்றிலிருந்து தட்டு, தம்ளர்கூடத் தனியாக வைத்துக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் ரிப்போர்ட் வாங்கத் தனியாகப் போனார்.

“இடுப்புக்குள்ள ஒரே ஒரு சின்னப் புள்ளி தெரியுது. சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டோம், கதிர் சிகிச்சை கொடுக்கலாம்” என்றார் டாக்டர். தையற்காரர் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து அன்றைய அதே நர்ஸைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, பேத்தியைத் தூக்க இன்னும் ஒன்றரை மாசம் கிடக்கு. ஒரு வாரமாவது குறைச்சுக் குடேன், புண்ணியமாப் போகும்.”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன ஐயா நீங்க! அன்னைக்கு ஒரு ராத்திரிதான் கணக்கு. மறுநாளே தூக்கிக் கொஞ்சியிருக்கலாமே. உங்க பையன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேனே.”

பாவம், அப்பனைப் பற்றிய கவலையில் பிள்ளை தப்பாகக் கேட்டுக்கொண்டுவிட்டான் என்று நினைத்தார். நின்ற இடத்திலேயே கடவுளுக்கு நன்றி சொன்னார். உடம்புக்குள் இருக்கும் புள்ளி மறந்தே போனது.

வீட்டு வாசல் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். ஜன்னல் வழியே மருமகளின் குரல் கேட்டது. தன் அம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“உங்க மாப்பிள்ளையை ரெண்டு மாசம்னு சொல்லச் சொன்னதே நான்தாம்மா. கிட்ட வந்தாலே மூத்திர வாடை. பெரிய மனுஷனை மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நல்லவேளை, அந்த ஸ்கேன் வந்துச்சு.”

கை ஈரம் காயும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு செருப்பை வேண்டுமென்றே சத்தம் வரும்படி உதறிக் கழற்றினார்.

மருமகள் ஓடி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“மாமா... நர்ஸ்கிட்ட ஏதாவது கேட்டீங்களா?”

“கேட்டேம்மா. பாப்பாவை நான் தூக்கவே கூடாதாம்.”