ஓகே பீஸ்

“ஊசி மட்டும் போட்டு உட்டுருங்க டாக்டரம்மா. சட்டையெல்லாம் கழட்ட வேண்டாமுங்க, புள்ளைக்குக் குளிருது.”

சிவராஜ் ரொம்பப் பணிவாகத்தான் சொன்னான். பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போட்டான். மகள் அனுசுயாவின் தலையை வேறு பாசமாகத் தடவிக் கொடுத்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அனுசுயா அந்தக் கைக்கு அடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா வரலையா கண்ணு?” என்று கேட்டார் டாக்டர் நிர்மலா.

“அவ பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்காளுங்க. ஷிப்மென்ட் நேரம், லீவு தரமாட்டேங்கறாங்க.” பதில் சொன்னது சிவராஜ்தான்.

நல்ல காய்ச்சல். நெஞ்சில் சளி இருக்கிறதா என்று பார்க்க, சட்டைக்கு மேலேயே முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கப் போனார் டாக்டர். அங்கே சிவப்பில் ஒரு குட்டி அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. திருப்பூரில் இதெல்லாம் சகஜம். நூல் பிசிறோ ஸ்டிக்கரோ ஒட்டாமல் அந்த கிளினிக்குக்கு யார் வந்தார்கள்? டாக்டர் அதைப் பிய்த்து மேசை ஓரத்தில் ஒட்டிவிட்டு, அந்த இடத்திலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

குழந்தையின் உடம்பு துள்ளி விழுந்தது. வாயிலிருந்து மட்டும் சத்தமே வரவில்லை.

டாக்டருக்குச் சுருக்கென்றது. சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

“வெளையாடறப்ப உழுந்துட்டாளுங்க,” என்று அவசரமாகச் சொன்னான் சிவராஜ்.

விழுந்த குழந்தைக்கு முட்டி சிராய்க்கும், நெற்றி புடைக்கும். முதுகில் இரட்டை இரட்டையாகக் கோடு விழாது. மடித்துப் பிடித்த ஒயரின் வளைவு தோலில் அப்படியே பதிந்திருந்தது. சில தடங்கள் கன்றிச் சிவந்திருந்தன. சில, பழசாகி மஞ்சள் பாரித்திருந்தன. இந்தக் குழந்தையை இன்றைக்கு இவனோடு அனுப்பக் கூடாது என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

“அப்படியா? சரி, டிரிப்ஸ் போடணும். கீழ மருந்துக் கடையில இதை வாங்கிட்டு வாங்க,” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அவன் படி இறங்கியதும், அருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சுப்புலட்சுமி கதவைத் தாழிட்டாள். டாக்டர் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டார்.

மருந்துக் கடையில் கூட்டம். அவன் திரும்பி வந்தபோது, போலீசும் குழந்தைகள் பாதுகாப்பு ஆட்களும் வந்து நின்றிருந்தார்கள்.

“எம்புள்ளைய நான் கூட்டிட்டுப் போகக் கூடாதுங்களா?”

“இன்னைக்கு அவ உங்ககூட வரமாட்டா,” என்றார் டாக்டர். ஜீப்பில் ஏறும் வரைக்கும் அவன் அந்த ‘ங்க’வை விடவேயில்லை.

அனுசுயாவின் அம்மாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு வந்த சுப்புலட்சுமிக்கு வியப்பு அடங்கவில்லை. “எப்படிங்க டாக்டர்? சட்டைக்கு மேல வெச்சும் சரியா அந்த எடத்துலயே வெச்சீங்களே! எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க.”

“எல்லாம் அனுபவம்தான் சுப்பு. கை தானாப் போயிரும்,” என்றார் டாக்டர். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கட்டிலில் படுத்திருந்த அனுசுயா மேசை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டரம்மா, அந்த அம்ப மறுபடியும் எஞ்சட்டையில ஒட்டி உடறீங்களா?”

“எதுக்கு கண்ணு?”

“அது இல்லீனா, ஓகே பீஸுன்னு என்னைய ஊட்டுக்கு அனுப்பிருவீங்கல்லோ?”

டாக்டர் ஒன்றும் புரியாமல் அவள் அருகில் போய்க் குனிந்தார். குழந்தை குரலைத் தாழ்த்திக்கொண்டது.

“வாயத் தெறந்தா அம்மாவையும் அடிப்பேன்னு அப்பா சொன்னாருங்க. நான் வாயவே தெறக்கலீங்க. கம்பெனில டேமேஜ் இருக்கற எடத்துல அம்பு ஒட்டிட்டா, சரி பண்ற வரைக்கும் அந்தப் பீஸ வெளிய உடமாட்டாங்கன்னு அம்மா சொல்லுமுங்க. அதான், காலைல சட்டை போடறதுக்கு முன்னாடியே எடம் பாத்து ஒட்டிட்டு வந்தேன்.”