மாறிப்போன பாஸ்வேர்டு

"என் மெயிலோட பாஸ்வேர்டை மாத்தினது யாரு?"

மாமனாரின் குரல் கூடத்திலிருந்து வந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"நான்தான் மாமா."

"மெயில் மட்டுமில்ல. கரன்ட் பில் கட்டுற இடம், போட்டோ வெச்சிருக்கிற இடம், எதுவுமே திறக்கல. எல்லாம் நீங்கதானா?"

"எல்லாம் நான்தான். நேத்து நீங்க தூங்கிட்டிருந்தப்போ ஒரு போலி மெயிலை நம்பி என் பாஸ்வேர்டைக் குடுத்துட்டேன். ஒரே கம்ப்யூட்டர்தானே, உங்களுக்கும் ஆபத்து வந்துடக் கூடாதேன்னு அவசரமா மாத்தினேன். புதுசு என்னன்னு சொல்லிடறேன். நீங்க உடனே மறுபடி மாத்திக்குங்க. எனக்குத் தெரிய வேண்டாம்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கியவர். வரும் ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தில் பாஸ்வேர்டு பாதுகாப்பு பற்றிப் பேசப்போவதும் அவர்தான்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கப் போறேன். என் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு ஆள்! யாரு கேட்டாலும் தூக்கிக் குடுத்துடறதா? சின்னக் குழந்தையா நீங்க?"

"தப்புதான் மாமா."

அறைக்குள் வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்களுக்கு இது தேவையா? போயும் போயும் அப்பா கையில மாட்டிக்கிட்டீங்களே. சும்மா விடுவாரா? சொல்லிச் சொல்லிக் காட்டுவாரு."

"காட்டட்டும். சட்டை பாதியில நிக்குது, விடு."

அந்த வாரம் முழுக்க மாமனார் சொல்லிக் காட்டினார். சாப்பிடும்போது, லிஃப்டில், மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது. வீட்டுக்கு வந்த பிளம்பரிடம்கூட, "எங்க மாப்பிள்ளை இருக்காரே..." என்று ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஞாயிறு காலை. பேச்சுக்குத் தயார் செய்ய மாமனார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மகள் கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியது.

"அப்பா, டீ குடிக்கலையா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இன்னைக்குக் கூட்டத்துக்கு மாப்பிள்ளையும் வரணும். முன் வரிசையில உட்காரச் சொல்லு."

மகள் கணவனைத் தேடிப் போனாள்.

சங்கத்தின் அறை நிரம்பியிருந்தது. தலைவர் மேடையில் மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மாமனார் நன்றாகத்தான் பேசினார். பிறந்த நாள் வேண்டாம், பிள்ளை பேர் வேண்டாம், போன் நம்பர் வேண்டவே வேண்டாம். ஒரு இடத்துக்கு வைத்ததை இன்னொரு இடத்துக்கு வைக்காதீர்கள்.

"நீளமா இருக்கட்டும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு வார்த்தையைச் சேர்த்து வைங்க."

"எங்க வீட்டுல பேசுறதே அப்படித்தான் சார் இருக்கு!" என்றாள் பின்வரிசையில் ஒரு அம்மாள். அறை சிரித்தது.

"ஞாபகம் இருக்காதுன்னா எழுதி பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டி வைக்காதீங்க."

தண்ணீர் ஒரு வாய் குடித்தார்.

"இப்போ நிஜமா நடந்த ஒண்ணு. நம்ம குடியிருப்புல ஒருத்தர். படிச்சவர், விவரம் தெரிஞ்சவர்னு பேர். 'உங்க மெயில் இன்னையோட மூடப்படும், பாஸ்வேர்டைப் போட்டு உறுதி செய்யவும்'னு அவருக்கு ஒரு மெயில். பதறிப்போய் போட்டுட்டார். மத்த இடத்துக்கும் அவர் வெச்சிருந்தது அதே பாஸ்வேர்டுதான்."

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இந்தக் காலத்துல இப்படியும் ஒரு ஏமாளியா! அதுவும் நம்ம குடியிருப்புலயா? பேரைச் சொல்லுங்க சார், எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை மெல்ல எழுந்தார்.

"நான்தாங்க அது."

"உட்காருங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். "அது நான்."

சிரிப்பு நின்றது.

"மெயில் வந்தது எனக்கு. பாஸ்வேர்டைப் போட்டதும் நான்தான். போட்டுட்டு மறந்தும் போயிட்டேன். இன்னைக்குக் காலையில பழசையெல்லாம் புரட்டும்போதுதான் கண்ணுல பட்டுது. எவனோ என் பேர்ல உள்ளே நுழைஞ்சிருக்கான். அவசரத்துக்குன்னு நான் குடுத்திருந்தது இவர் நம்பரைத்தான், அதனால எச்சரிக்கை இவர் போனுக்குப் போயிருக்கு. எல்லாத்தையும் உடனே மாத்தியிருக்கார். நான் இந்த மேடையில நிக்கணுமேன்னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார். இந்த ஒரு வாரத்துல நான் இவரைப் பேசாத பேச்சு இல்ல."

"விடுங்க மாமா."

"எப்படி விடறது? வெக்கப்பட்டு நான் மூடி மறைச்சா, அதே மெயில்ல இன்னொருத்தர் விழுவார். வேற யாருக்காவது வந்துச்சா? தயங்காம சொல்லுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர் எழுந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மாமனாரின் காதருகே சாய்ந்தார்.

"நானும் போட்டுட்டேன் சார். வீட்டுல யாருக்கும் தெரியாது... உங்க மாப்பிள்ளையைக் கொஞ்சம் அனுப்பிவைக்க முடியுமா?"