நெக்ரோனி மணம்

"இண்டைக்கும் குடிச்சிட்டோ வாறியள்? வாசலிலையே மணக்குது."

கதவைத் திறந்த மனைவி கமலாதேவிக்கு ஜெயரத்தினம் சப்பாத்தைக் கழற்றியபடியே பதில் சொன்னார்.

"ஓம், கந்தோரிலை கூட வேலை செய்யிற பெடியளோடை. வெயில் காலமெல்லே, விடுறாங்களில்லை."

"என்ன குடி அது?"

"நெக்ரோனி. இத்தாலிக்காரற்றை. ஜின், வெர்மூத், கம்பாரி மூண்டும் சம அளவு, மேலை ஒரு தோடம்பழத் துண்டு. பசி எடுக்கட்டும் எண்டு சாப்பாட்டுக்கு முன்னம் குடிக்கிறது."

"அதுதான் வந்த உடனை ஒரு சட்டி புட்டும் காலியாகுது."

ட்வெய்ட்டா புறநகரின் அடுக்குமாடியில், எட்டாம் மாடிப் பால்கனியில் இன்னும் வெயில் இருந்தது. அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"கோயிலிலை சனம் உங்களைக் குடிகாரன் எண்டு கதைக்குது."

"கதைக்கட்டும்." கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

கமலாதேவி தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்து, அவர் ஒளிப்பதற்குள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளிறி, நகத்தடியில் வெடித்திருந்தன.

"குடிக்கிறவனுக்கு வாய் மணக்கும். உங்களுக்குச் சட்டை மட்டும்தான் மணக்குது."

அவர் தன் விரல்களைப் பார்த்தபடியே சொன்னார்.

"கந்தோரிலை என்னை வேலையாலை நிப்பாட்டிப் போட்டாங்கள், கமலா. துறைமுகத்தடி பார் ஒண்டிலை கிளாஸ் கழுவிறன். இந்த வயதிலை கோப்பை கழுவிறான் எண்டு சனம் சொல்லுறதை விட, குடிகாரன் எண்டு சொல்லட்டும் எண்டு விட்டிட்டன்."

அவள் ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவினாள்.

"எனக்குத் துப்பரவு வேலையிலை தந்த கையுறை ஒரு சோடி கிடக்கு. நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டு கழுவுங்கோ."